ஆன்லைன் வகுப்பா, அலகா, விடுதியா: மலையகத்தில் விசேட தேவையுள்ள பிள்ளையின் படிப்பும் பரீட்சையும்

ஒன்பதாம் தரம் முடிகிற நேரத்தில்தான் அநேகமான பெற்றோர் வந்து கேட்கிறார்கள். பிள்ளைக்குக் கண் சரியாகத் தெரியாது. அல்லது காது கேட்காது. அல்லது வாயால் கேட்டால் எல்லாம் சொல்வான், எழுதச் சொன்னால் ஒரு வரி வராது. பாடசாலைக்குப் போய்வருவதே பெரும்பாடு. "பேசாமல் ஸ்கூலை நிறுத்திவிட்டு வீட்டிலேயே ஆன்லைனில் படிக்க வைக்கலாமா, டீச்சர்?" அட்டனில் கேட்டாலும் பசறையில் கேட்டாலும் கேள்வி இதுதான்.

இந்தக் கேள்வியைப் பின்பக்கமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. பதினோராம் தர முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையைப் பிள்ளை எப்படி எழுதப்போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சாதாரண தரமும் உயர்தரமும் இன்றைக்கும் மண்டபத்தில் உட்கார்ந்து தாளில் எழுதும் பரீட்சைகள்தாம். ஆன்லைனுக்கு வந்திருப்பது விண்ணப்பமும் பெறுபேறும். போனில் பாடம் கேட்டு, போனிலேயே விடை அனுப்பிப் பழகிய பிள்ளையும் ஒரு நாள் மேசை, வினாத்தாள், மேற்பார்வையாளர், சுவரில் கடிகாரம் என்று உட்கார்ந்தே ஆகவேண்டும்.

அந்த நாளில் என்ன உதவி கிடைக்கும்? பரீட்சைத் திணைக்களம் விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம், பெரிய எழுத்தில் அச்சடித்த வினாத்தாள், பிரெயில் வினாத்தாள், வாசித்துக் காட்ட அல்லது சொல்வதை எழுதித் தர ஓர் உதவியாளர், தனி அறை போன்றவற்றைத் தருகிறது. எல்லாருக்கும் எல்லாம் கிடைக்காது. மருத்துவ அறிக்கையையும் பாடசாலையின் பரிந்துரையையும் வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். ஆகவே இந்த உதவிகளில் எது உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் என்று பாருங்கள். அந்த உதவியோடு இரண்டு வருடம் பழக எந்த வழி இடம் கொடுக்கிறதோ அதுதான் உங்கள் பிள்ளைக்கான வழி.

நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. முழுக்க வீட்டிலிருந்து ஆன்லைன். தோட்டத்துப் பாடசாலையின் சாதாரண வகுப்பில் இருந்துகொண்டு போனைத் துணையாக வைத்துக்கொள்வது. நகரத்துப் பாடசாலை ஒன்றின் விசேட கல்வி அலகு, அதாவது இப்படியான பிள்ளைகளுக்கென்றே அங்கே நடக்கும் சிறிய வகுப்பு. தூரத்து விடுதிப் பாடசாலை. பொதுவாக நான் இரண்டாவதன் பக்கம். ஆனால் பிரெயில் தேவைப்படும் பிள்ளைக்கு அது சரிவராது. வீட்டை விட்டு இறங்கவே முடியாத பிள்ளைக்கும் சரிவராது.

முழுக்க ஆன்லைன் என்றால் என்ன நடக்கும்

2020 மார்ச் நடுப்பகுதியில் பாடசாலைகள் மூடப்பட்டபோது எல்லாருமே இந்த வழிக்குத் தள்ளப்பட்டோம். வாட்ஸ்அப் குழு, சூம், தொலைக்காட்சியில் குரு கெதர பாடங்கள், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம். பதுளை மாவட்டத்தின் போகிதியாவ கிராமத்தில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சிக்னல் பிடிக்கப் பாறை ஏறிய செய்தி 2021இல் வெளிநாட்டுப் பத்திரிகைகள்வரை போனது. அதைப் பார்த்தவர்கள் பிள்ளைகளின் ஊக்கத்தை மெச்சினார்கள். எனக்கு அந்தப் பாறையில் ஏற முடியாத பிள்ளைகளின் நினைப்புத்தான் வந்தது. கால் இயலாத பிள்ளை, தனியே விட முடியாத பிள்ளை, மழையில் பாறை வழுக்குமா என்று கண்ணால் கண்டுகொள்ள முடியாத பிள்ளை. 2022இல் எரிபொருள் இல்லாமல் மறுபடி ஆன்லைன் என்றார்கள். அந்த வருடம் மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணிநேரம்வரை போயிருந்தது.

இப்போது கோபுரங்கள் கொஞ்சம் கூடியிருக்கலாம். ஆனால் மலை மலைதான். தோட்டத்தின் ஒரே டிவிஷனில், மேட்டு லயத்தில், அதாவது மேட்டிலுள்ள வரிசை வீடுகளில், நாலு கோடு காட்டும் போன், பணிய லயத்தில் ஒன்றும் காட்டாது. வீட்டில் ஒரு போன்தான் என்றால் அது கொழும்பில் வேலை செய்யும் அப்பாவிடமோ, மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் அம்மாவிடமோ இருக்கும். காலை பத்து மணிக்கு நேரடி வகுப்பு வைத்தால் அந்த நேரம் பிள்ளையோடு இருப்பது அப்பாயிதான். அவருக்குச் சூமில் மைக்கை எப்படி நிறுத்துவது என்று தெரியாது, பாவம். லயத்துக் காம்பராக்களுக்கு நடுவே இருப்பது ஒரு சுவர். பக்கத்துக் காம்பராவின் தொலைக்காட்சி நாடகம் பாடத்துக்குள் வந்து உட்காரும். பார்வையில்லாத பிள்ளைக்குப் பாடம் வருவதே காதால்தான். அந்தப் பிள்ளையின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

அதனால் ஆன்லைன் என்று சொல்லும்போது நேரடி வகுப்பையும் பதிவு செய்த பாடத்தையும் பிரித்துப் பேச வேண்டும். விசேட தேவையுள்ள பிள்ளைக்கு என் தெரிவு எப்போதும் பதிவுதான். யூடியூப் பாடத்தை முக்கால் வேகத்துக்கு, அரை வேகத்துக்குக் குறைக்கலாம், நிறுத்தலாம், ஒரே நிமிடத்தை ஐந்து தரம் கேட்கலாம். சிக்னல் உள்ள இடத்தில் இறக்கிக்கொண்டு வந்து வீட்டில் இரவு பார்க்கலாம். ஆசிரியர் இரண்டு நிமிட வாட்ஸ்அப் குரல்பதிவாக ஒரு கணக்கை விளக்கினால் அதற்கு டேட்டாவும் அதிகம் போகாது. சூமின் இலவசக் கணக்கில் வகுப்பு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். மறுபடி உள்ளே வரத் தடுமாறும் பிள்ளைக்கு அதோடு பாடம் முடிந்தது.

நேரடி வகுப்புக்கும் ஒரு பயன் உண்டு, மறுக்கவில்லை. பிள்ளை கேள்வி கேட்கலாம், தன் பெயரைச் சொல்லி ஒருவர் கூப்பிடுவதைக் கேட்கலாம். வாரத்துக்கு ஒரு தடவை, நாலைந்து பேரோடு, அம்மா வேலை முடிந்து வந்த பிறகு வைத்தால் போதும். ஐம்பது பேர் கொண்ட டியூஷன் வகுப்பில் இந்தப் பிள்ளையையும் சேர்த்துவிடுவதில் பணம் போவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

கண் தெரியாத பிள்ளைக்கு

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆன்லைன் அதிகம் கைகொடுப்பதும் இங்கேதான், அதிகம் கைவிடுவதும் இங்கேதான்.

அண்ட்ராய்ட் போனில் டோக்பேக் என்ற திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் வசதி, கூடவே வருகிறது. கூகுளின் தமிழ்க் குரலும் இலவசம். கணினி இருந்தால் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் இருக்கிறது. அதோடு வரும் தமிழ்க் குரல் இயந்திரம் பேசுவதுபோல் இருந்தாலும் காது பழகிவிடும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்களைப் பிடிஎஃப் ஆக இலவசமாக எடுக்கலாம். இவ்வளவும் இருக்கும்போது பிள்ளை தானாகவே படித்துவிடலாமே என்று தோன்றும்.

சிக்கல் எழுத்துருவில் வருகிறது. நம் ஆசிரியர்களில் பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். கண்ணுக்கு அது அழகான தமிழ். திரைவாசிப்பானுக்கு அது ஆங்கில விசைகளின் வரிசை. "அம்மா" என்று ஆசிரியர் அடித்திருப்பார். பிள்ளையின் காதில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று விழும். கையால் எழுதிய குறிப்பைப் படம் எடுத்து அனுப்பினால் அதுவும் இல்லை, வெறும் அமைதி. கொவிட் காலத்து வாட்ஸ்அப் குழுக்களில் வந்தவற்றில் பெரும்பகுதி இப்படியான படங்கள்தாம். கூகுள் லென்ஸ் அச்சுத் தமிழை ஓரளவு நன்றாகவே எடுத்துத் தருகிறது. கையெழுத்து என்றால் திணறுகிறது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஆசிரியரோ டியூஷன் நிலையமோ தரும் கோப்பில் ஒரு வரியைப் பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே வந்தால் அது யுனிகோட், அதாவது திரைவாசிப்பானுக்கும் தமிழாகவே தெரியும் எழுத்துமுறை, பிள்ளை கேட்டுப் படிக்கலாம். குப்பையாக வந்தால் அந்தக் கோப்பால் பிள்ளைக்குப் பயனில்லை. ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் இதைச் செய்யுங்கள். பாடநூல் பிடிஎஃப்களிலும் ஒவ்வொரு பாடமாக இப்படிப் பார்த்துக்கொள்வது நல்லது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. கேட்டுக் கேட்டே படிக்கும் பிள்ளைக்கு எழுத்து தெரியாமலே போய்விடும். ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. நம் பேச்சில் இவை பாதி கலந்துவிடுகின்றன, காதால் மட்டும் கற்றால் வேறுபாடு பிடிபடாது. பிரெயில் புள்ளிகளை விரலால் தடவும் பிள்ளைக்குத்தான் எந்த இடத்தில் எந்த எழுத்து என்று மனதில் பதியும். பிரெயிலைச் சூமில் கற்பிக்க முடியாது. பிள்ளையின் விரலைப் பிடித்து வைக்க ஒருவர் பக்கத்தில் வேண்டும். அதனால் முழுப் பார்வையிழப்புள்ள சிறு பிள்ளைக்கு, பிரெயில் தெரிந்த ஆசிரியர் கிட்டத்தில் இல்லையென்றால், விடுதிப் பாடசாலையைத்தான் சொல்வேன். மனம் கேட்காது. ஆனாலும் அதைத்தான் சொல்வேன். ஏழாம், எட்டாம் தரத்துக்குள் பிரெயில் கைக்கு வந்துவிட்டால் ஊர் திரும்பிச் சாதாரண வகுப்பில் சேரவும் இடமுண்டு.

குறைபார்வையுள்ள பிள்ளைக்குக் கதை வேறு. போனில் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் படிப்பது அதற்கு வரப்பிரசாதம். ஆனால் பரீட்சை மண்டபத்தில் தாளை விரித்துப் பெரிதாக்க முடியாது. பெரிய எழுத்து வினாத்தாள் ஒரே அளவில்தான் இருக்கும். அதைத் தலையை ஓட்டித்தான் வாசிக்க வேண்டும். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் கடந்தகால வினாத்தாள்களை எடுத்து, நகரத்துப் போட்டோக்கொப்பிக் கடையில் பெரிதாக்கி அச்சடித்து, அதில் பழக்குங்கள்.

மற்றப் பிள்ளைகள்

காது கேட்காத பிள்ளைக்கு நேரடி ஆன்லைன் வகுப்பு பெரும்பாலும் வீண். ஆசிரியரின் முகம் முத்திரை அளவில் தெரியும். சிக்னல் குறையும்போது உறையும். உதடும் ஒலியும் பொருந்தாது. சைகையில் பாதி அசைவு திரைக்கு வெளியே போய்விடும். கூகுளின் லைவ் ட்ரான்ஸ்கிரைப் செயலி பேசுவதைத் தமிழில் எழுத்தாக்கிக் காட்டுகிறது. ஒருவர் நிதானமாக, போனுக்குப் பக்கத்தில் பேசினால் உதவும். வகுப்பறை இரைச்சலில் தடுமாறும். கணிதக் குறியீடுகளில் கைவிடும். இந்தப் பிள்ளைக்கு எழுத்து வடிவக் குறிப்பும் படங்களும் உள்ள பதிவுப் பாடமும்தான் நல்லது. கூடவே சைகை மொழி தெரிந்த ஓர் ஆசிரியரும் வேண்டும். அலகோ விடுதியோ இல்லாமல் அது கிடைப்பது மலையகத்தில் அபூர்வம்.

வாசிப்புக் குறைபாடு, அதாவது டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு ஆதங்கம். இவர்களைத் தேடி யாரும் வருவதில்லை. கண் நன்றாயிருக்கிறது, காது நன்றாயிருக்கிறது, பேச்சு கணீரென்று இருக்கிறது. அப்போ சோம்பேறி என்று பெயர் வைத்தாயிற்று. இவர்களுக்குப் போன் நிஜமாகவே ஒரு வாசலைத் திறக்கும். பாடத்தைக் கேட்கலாம், குரல்வழித் தட்டச்சில் விடை சொல்லலாம். பக்கத்துப் பாடசாலையிலேயே இருந்துகொண்டு போனைத் துணைக்கு வைப்பது இவர்களுக்கு மிகப் பொருத்தம். ஒரே எச்சரிக்கை, குரல்வழித் தட்டச்சு மண்டபத்துக்குள் வராது. அதைப் பற்றி கீழே சொல்கிறேன்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலர் வீட்டிலிருந்து படிக்கும்போது அப்பாடா என்று மலர்ந்துவிடுகிறார்கள். இரைச்சல் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. இன்னும் சிலருக்கு வீடு வீடாகவும் ஸ்கூல் ஸ்கூலாகவும் இருக்க வேண்டும், வீட்டில் பாடம் என்றாலே கலங்கிப்போவார்கள். இதற்குப் பொது விதி கிடையாது, ஒரு தவணை பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒன்று மட்டும் கவனம். நம் பரீட்சைத் திகதிகள் நிலையாக நிற்பதில்லை. 2020ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரம் 2021 மார்ச்சில் நடந்தது. 2021க்குரியது 2022 மே மாதத்தில். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலும் மண்சரிவும் வந்தபோது உயர்தரப் பரீட்சை பாதியில் நின்றது. நாட்காட்டியில் வட்டம் போட்டு எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை. திகதியைச் சொல்லாதீர்கள், "அறிவிப்பு வந்த பிறகு" என்று சொல்லிப் பழக்குங்கள்.

அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஆன்லைன் பாடம் பொழுதுபோக்காகலாம், படிப்பாகாது. அதற்கு அலகுதான். சாதாரண தரம் என்ற இலக்கையே அந்தப் பிள்ளைமேல் சுமத்த வேண்டியதில்லை என்றும் நினைக்கிறேன். தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் முதலாம் மட்டத்திலிருந்து தொடங்குகிறது. சமூக சேவைகள் திணைக்களம் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்துகிறது. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

அப்புறம், உடல் இயலாத பிள்ளை. மூளை கூர்மை, தடை என்றால் லயத்துக்கும் றோட்டுக்கும் நடுவே உள்ள அந்தப் படிகளும் ஒற்றையடிப் பாதையும்தான். தினமும் த்ரீவீல் வைத்தால் அம்மாவின் நாட்சம்பளத்தில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். முழுக்க ஆன்லைன் என்ற வழியை நான் மனதார ஆதரிப்பது இந்தப் பிள்ளைக்கு மட்டும்தான். அதிலும் ஒரு நிபந்தனை, பாடசாலை இடாப்பிலிருந்து பெயரை எடுக்காதீர்கள். விடுகைப் பத்திரம் வாங்கிவிட்டால் பிள்ளை தனிப்பட்ட பரீட்சார்த்தி ஆகிவிடும். விண்ணப்பம், கட்டணம், விசேட உதவிக்கான கோரிக்கை எல்லாவற்றுக்கும் நீங்களே திணைக்களத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். பாடசாலைப் பரீட்சார்த்தி என்றால் அதிபர் கையெழுத்துப் போட்டு அனுப்புவார், கட்டணமும் இல்லை. வீட்டிலிருந்து படிக்கட்டும், பெயர் பாடசாலையில் இருக்கட்டும் என்று அதிபரிடம் கதையுங்கள்.

அலகும் விடுதியும்

நகரத்துப் பாடசாலைகள் சிலவற்றில் விசேட கல்வி அலகு இருக்கிறது. பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர், சிறிய வகுப்பு, பிள்ளையை விளங்கிக்கொள்ளும் இடம். நல்லதுதான். ஆனால் சேர்க்கும் முன் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: இங்கிருந்து எத்தனை பிள்ளைகள் சாதாரண வகுப்புக்கு மாறிப் போயிருக்கிறார்கள்? சில இடங்களில் அலகு ஒரு பாலம். காலையில் அலகு, பிறகு கணிதத்துக்கும் தமிழுக்கும் சாதாரண வகுப்பு என்று பிள்ளை போய்வரும். சில இடங்களில் அது ஒரு மூலை. எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒரே அறையில் வருடக்கணக்காக வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பார்கள். கேள்விக்கு ஆசிரியர் யோசித்து இரண்டு மூன்று பிள்ளைகளைச் சொன்னால் சேருங்கள். பேச்சை மாற்றினால் கவனமாயிருங்கள்.

உங்கள் வலயத்தில் எந்தெந்தப் பாடசாலையில் தமிழ்மொழி மூல அலகு உண்டு என்று வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவர் சொல்வார். "இப்படிப்பட்ட பிள்ளையை எடுக்க முடியாது" என்று எங்காவது சொன்னால், 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தை நினைவூட்டலாம். இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக் கூடாது என்பது அதில் இருக்கிறது. சண்டைக்காகச் சொல்லவில்லை. சட்டம் தெரிந்த பெற்றோர் என்று தெரிந்ததும் பேச்சின் தொனி மாறும்.

விடுதி என்றால் யாழ்ப்பாணம் கைதடியில் நவீல்ட் பாடசாலை இருக்கிறது, காது கேட்காத, கண் தெரியாத பிள்ளைகளுக்குத் தமிழில் படிப்பிக்கும் பழைய நிறுவனம். 1912இல் தொடங்கிய, செவிப்புலன், விழிப்புலன் குறைபாடுள்ளோருக்கான பாடசாலைகளின் பரம்பரை இரத்மலானையில் இருக்கிறது. அங்கே சேர்க்க நினைத்தால் உங்கள் பிள்ளையின் தரத்துக்குத் தமிழ்மொழி வகுப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அட்டனிலிருந்து கைதடிக்குப் போய்ச்சேர ஒரு முழு நாள் ஆகிவிடும், போய்ப் பார்த்துவர அம்மாவுக்கு இரண்டு மூன்று நாள் பேர் விழாது, அதாவது அந்த நாட்சம்பளம் இல்லை. அந்தச் செலவையும் பிரிவையும் கணக்கில் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். பிரெயிலும் சைகை மொழியும் அடிப்படையாகத் தேவைப்படும் பிள்ளைக்கு அந்த விலை தகும். மற்றப் பிள்ளைகளுக்குத் தகாது என்றே நினைக்கிறேன்.

ஆன்லைன் பரீட்சையும் மண்டபப் பரீட்சையும்

ஆன்லைன் பரீட்சை நம் பிள்ளைகளுக்கு இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, டியூஷன் நிலையமோ பாடசாலையோ கூகுள் ஃபோர்ம்ஸில் வைக்கும் சிறு பரீட்சை. மற்றது, பிற்காலத்தில் பல்கலைக்கழகமோ தனியார் கற்கைநெறியோ வைப்பது.

கூகுள் ஃபோர்ம்ஸ் பரீட்சைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தெரிவு வினாக்களுக்குச் சரி. சாதாரண தரத்தில் பல பாடங்களின் முதல் வினாத்தாள் நாற்பது தெரிவு வினாக்கள்தான், அதற்கு இது நல்ல பயிற்சி. ஆனால் பிள்ளை விழுவது இரண்டாம் வினாத்தாளில். கணிதத்தின் இரண்டாம் வினாத்தாள் மூன்று மணிநேரம். அமைப்பு வரைய வேண்டும், வரைபு கீற வேண்டும், படிமுறை காட்ட வேண்டும். அதைப் போனில் பழக முடியாது.

பிற்காலத்து ஆன்லைன் பரீட்சையில் ஒரு நல்லது உண்டு. மூடில் போன்ற இணையவழிக் கற்றல் தளத்தில் ஒரு மாணவருக்கு மட்டும் நேரத்தைக் கூட்டிக் கொடுக்க முடியும். விரிவுரையாளர் மனம் வைத்தால் சில நிமிட வேலை. கெட்டதும் உண்டு. கேமராவால் கண்காணிக்கும் பரீட்சையில் பார்வையில்லாதவர் தன் முகம் கேமராவின் சட்டகத்துக்குள் இருக்கிறதா என்று எப்படி அறிவார்? ஓட்டிசம் உள்ளவர் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து யோசித்தால் மோசடி என்று குறித்துவிடலாம். சிக்னல் அறுந்தால் யார் பொறுப்பு என்பதும் தெளிவில்லை. மண்டபத்தில் மழை பெய்தாலும் வினாத்தாள் கையில் இருக்கும். பள்ளிப் பரீட்சைகள் இன்னும் தாளில் நடப்பது மலையகத்து விசேட தேவைப் பிள்ளைகளுக்கு இப்போதைக்குப் பாதகமில்லை என்றுகூட நினைக்கிறேன்.

இப்போது அந்த எழுதித் தரும் உதவியாளர் விஷயம். வீட்டில் குரல்வழித் தட்டச்சில் விடை சொல்லிப் பழகிய பிள்ளை, மண்டபத்தில் ஒரு மனிதருக்குச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. போன் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் வாங்கிக்கொள்ளும். மனிதரின் கை வலிக்கும். போனிடம் வெட்கமில்லை; முன்பின் தெரியாத ஒருவரிடம் தப்பான விடை சொல்ல நம் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள், "தெரியாது" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். வருபவர் பாடம் தெரிந்தவராக இருப்பார் என்று எதிர்பார்க்கவும் கூடாது, சொன்னதைத்தான் எழுதுவார். "இங்கே புதுப் பந்தி", "இதை வெட்டிவிடுங்கள்", "நான் சொன்னதைத் திருப்பி வாசியுங்கள்" என்றெல்லாம் கேட்கப் பிள்ளைக்குத் தைரியம் வேண்டும். கணிதத்தில் "மேலே இரண்டு, கீழே மூன்று, பக்கத்தில் அடைப்புக்குறி" என்று சொல்லத் தெரிய வேண்டும். இது ஒரு தனித்திறமை. தவணைப் பரீட்சைகளில் வேறு வேறு ஆட்களை எழுத வைத்துப் பழக்கினால்தான் வரும். அம்மாவோ அக்காவோ எப்போதும் எழுதினால் பழகாது, ஏனென்றால் பாதிச் சொல்லிலேயே அவர்களுக்கு விளங்கிவிடும்.

பக்கத்துப் பாடசாலையும் போனும் சேர்ந்த வழியை நான் விரும்புவதற்குக் காரணம் இதுதான். பாடத்தைப் போன் தருகிறது. பரீட்சைப் பழக்கத்தைப் பாடசாலைதான் தர முடியும். தவணைப் பரீட்சைக்கே மேலதிக நேரமும் தனி மேசையும் கேளுங்கள். அதற்கு அதிபரின் சம்மதமே போதும், கொழும்புவரை போக வேண்டியதில்லை. அப்படிக் கொடுத்த பதிவுகள் பிறகு பரீட்சைத் திணைக்களத்துக்கு அனுப்பும் கோரிக்கையோடு இணைக்கவும் பயன்படும்.

கடைசியாக, மருத்துவ அறிக்கை. விண்ணப்பம் கோரும் வாரத்தில் ஓடித்திரிந்து வாங்கும் காரியம் இல்லை இது. டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா, பதுளையிலோ தொடங்கினாலும் நிபுணரிடம் போக கண்டிக்கோ பேராதனையின் சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்பக்கூடும். கிளினிக் திகதி, மறுபடி திகதி என்று மாதங்கள் போய்விடும். பத்தாம் தரத்தின் முதல் தவணையிலேயே தொடங்குங்கள். அறிக்கையில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. பிள்ளையால் எது முடியாது, எந்த உதவி தேவை என்று வைத்தியரை எழுதச் சொல்லுங்கள்: சாதாரண அச்சை வாசிக்க முடியாது, பெரிய எழுத்து தேவை, கை நடுக்கத்தால் தொடர்ந்து எழுத முடியாது, எழுதித் தருபவர் தேவை. படியேற முடியாத பிள்ளை என்றால் கீழ்த்தளத்து அறை வேண்டும் என்பதையும் கோரிக்கைக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். நிலையம் தெரிந்ததும் ஒரு நடை போய் அந்த அறையையும் கழிவறையையும் பார்த்துவிட்டு வாருங்கள். மண்சரிவு அபாயமுள்ள றோட்டில் வீடு இருந்தால் பரீட்சை நாட்களுக்கு நிலையத்துக்குக் கிட்ட உள்ள உறவினர் வீட்டில் தங்கலாமா என்றும் முதலிலேயே கேட்டுவையுங்கள். அறிக்கையின் மூலப் பிரதியைப் பாடசாலையில் கொடுத்துவிட வேண்டாம். போட்டோக்கொப்பியில் அதிபரின் உறுதிப்படுத்தலை வாங்கிக் கொடுத்துவிட்டு, மூலத்தை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உயர்தரத்துக்கும் அது தேவைப்படும்.